நாட்குறிப்பின் இடப்பக்கம்

நாட்குறிப்பு எழுதுவதைப் படைப்புப் பழக்கமாக மாற்றிப் பார்ப்பது என்று முடிவு செய்ததும், தேதி அச்சிட்ட டைரியை ஒதுக்கிவிட்டேன். அதில் ஒரு நாள் விட்டுப்போனால் அந்த வெற்றுப்பக்கம் கடன்காரனைப் போல் எதிரே நிற்கும். கோடில்லாத ஏ5 நோட்டில் அந்தத் தொல்லை இல்லை. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் பழக்கமாகப் படிய 18 முதல் 254 நாள் வரை ஆகலாம் என்றும், இடையில் ஒரு நாள் தவறுவதால் பெரிய பாதிப்பு இல்லை என்றும் கண்டார்கள். ஆகவே விடாமல் எழுதியே தீருவது என்ற வீறாப்பு எனக்கு இல்லை. இரவு பல் துலக்கியதும் நோட்டைத் திறக்க வேண்டும், அவ்வளவுதான் ஏற்பாடு.

வலப்பக்கத்தில் மட்டும் எழுதுகிறேன். இடப்பக்கம் பின்னால் படிக்கும்போது தோன்றுவதற்கு. இடப்பக்கம் என்பது முந்தைய வலப்பக்கத்தின் பின்புறம் என்பதால், மெல்லிய தாளில் ஊற்றுப்பேனா மை ஊறி அதைப் பாழாக்கிவிடும். 100 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 100 கிராம் எடையுள்ள) தாள் ஓரளவு தாங்குகிறது.

எனக்கு நானே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு ஒன்றுதான்: "மனம் சரியில்லை" போன்ற தீர்ப்புகள் கூடாது, கண்டதும் கேட்டதும் செய்ததும் மட்டுமே. பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை புதுச்சேரியில் எழுதிய நாட்குறிப்பு இன்றும் சுவையாக இருப்பதற்குக் காரணம், கப்பல் வரவையும் ஊர்ப்பேச்சையும் யார் என்ன சொன்னார் என்பதையும் அவர் விவரமாக எழுதிவைத்ததுதான் என்பது என் எண்ணம். அப்படி நான் எழுதிய ஒரு குறிப்பு: "தொலைபேசி அடித்தது. திரையில் பெயரைப் பார்த்தேன். அது ஓயும்வரை துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். கையில் ஈரம் இல்லை." சில நாள் கழித்துப் படித்தபோது, அழைத்தவரின் பெயரை எழுதாமல் விட்டிருப்பது கண்ணில் பட்டது. 'நான்' என்பதை 'அவள்' என்று மாற்றி, அந்தப் பெயரைத் தேடி இடப்பக்கத்தில் எழுதத் தொடங்கியது, நோட்டைத் தாண்டி ஒரு சிறுகதையின் முதல் வரைவாக வளர்ந்தது. (அழைத்தவர் யார் என்பது கதையிலும் இல்லை.)

எல்லாக் குறிப்பும் இப்படி விளைவதில்லை. இடப்பக்கங்களில் பெரும்பாலானவை காலிதான், அவற்றை நிரப்ப அவசரமும் இல்லை. இப்போது உரையாடலைப் பிடிக்க முயன்று வருகிறேன். காதில் விழுந்த வாக்கியத்தை, சொன்னவர் சொன்ன வரிசையிலேயே எழுத வேண்டும். இரவுவரை காத்திருந்தால் நினைவு அதைத் திருத்தி ஒழுங்காக்கிவிடுகிறது. எனவே கேட்ட கையோடு துண்டுத்தாளில் குறித்துக்கொண்டு, இரவில் நோட்டுக்கு மாற்றுகிறேன்.