அட்டையில் விழாத கோடுகள்

வடசென்னையில் ஒரு மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவில் மருந்து ஆய்வு ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். நான் செவிலியர் இல்லை; ஆனாலும் நோயாளிகளுக்கு ‘சிஸ்டர்’தான். மருத்துவரிடம் கேட்கத் தயங்குவதை என்னிடம் கேட்பார்கள்: “இந்த மருந்தில் சரியாகிவிடுமா, சிஸ்டர்?”

புதிய மருந்தின் முதல் கட்டச் சோதனை அந்தக் கேள்விக்காக நடப்பதில்லை. உடம்பு எவ்வளவு மருந்தைத் தாங்கும் என்பதைத்தான் முதலில் பார்க்கிறோம். மூன்று பேருக்கு ஓர் அளவு. 28 நாட்களில் யாருக்கும் கடுமையான பாதிப்பு வராவிட்டால், அடுத்த மூவருக்கு அளவு கூடும். ஒருவருக்கு வந்தால் அதே அளவில் இன்னும் மூவரைச் சேர்ப்போம். இருவருக்கு வந்துவிட்டால் அதற்கு மேல் ஏற்றுவதில்லை. வேறு சிகிச்சை எதுவும் பலிக்காமல் வருகிறவர்களிடம் இதை விளக்க வேண்டும்.

காசிமேட்டில் மீன் விற்றுவந்த அம்மா ஒருவர் அப்படி வந்தார். நுரையீரல் புற்றுநோய், எலும்புவரை பரவியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாது என்பதால், ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சியை உட்காரவைத்து, கேமராவில் பதிவு செய்து ஒப்புதல் வாங்கினோம். படிவத்தில் எல்லாம் இருந்தது. கைநாட்டு வைத்ததும் அவர் முகம் வாடியதைப் பொறுக்காமல் நான் இமாடினிப் கதையைச் சொன்னேன். ஒரு வகை ரத்தப் புற்றுநோய்க்கான மாத்திரை அது. 1998இல் முதல் கட்டச் சோதனையிலேயே நோயாளிகளின் ரத்த எண்ணிக்கை சீரானது, 2001இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சொன்னதில் பொய் இல்லை. அப்படி நடப்பது மிக அபூர்வம் என்பதை மட்டும் சொல்லவில்லை.

ரத்தத்தில் மருந்து எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்க்க, முதல் மாத்திரை விழுங்கிய நாளில் எட்டு மணி நேரத்துக்குள் ஏழு முறை ரத்தம் எடுத்தோம். கடைசிக் குழாய் மறுநாள், சரியாக 24ஆம் மணி நேரத்தில். துறைமுகத்துக்குக் காத்து நிற்கும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அவர் வந்த ஆட்டோ மாட்டிக்கொண்டு 40 நிமிடம் தாமதம். எடுத்த நேரத்தையே எழுதினேன். “இதனால் என்னை நீக்கிவிடுவீர்களா?” என்று கேட்டார். சிரித்துச் சமாதானம் சொன்னேன். அந்தக் கேள்வியை அன்றே காதில் வாங்கியிருக்க வேண்டும்.

வீட்டுக்கு ஓர் அட்டை கொடுத்திருந்தோம். மேல் வரிசையில் மாத்திரைக்கு ஒரு கோடு, கீழ் வரிசையில் வயிற்றுப்போக்குக்கு ஒவ்வொரு முறையும் ஒரு கோடு. 15ஆம் நாள் வந்தபோது மேலே பதினான்கு கோடுகள், கீழே ஒன்றுமில்லை. ஆனால் உதடு வெடித்திருந்தது. புறங்கைத் தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு அப்படியே நின்றது; உடம்பில் நீர் வற்றியிருந்தது. அவர் இசிஜி அறைக்குப் போனதும் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “தினமும் எட்டு ஒன்பது முறை போகிறது, அக்கா. சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்கள் என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டார்கள்.”

மருந்து குறிவைக்கும் புரதம் கட்டியில் மட்டுமல்ல, குடலிலும் தோலிலும் உண்டு. அதனால் வயிற்றுப்போக்கை எதிர்பார்த்தே இருந்தோம். வழக்கத்தைவிட நாளுக்கு ஏழு முறையோ அதற்கு மேலோ கூடினால் அது மூன்றாம் நிலை, கடுமையானது. அந்த வெற்று வரிசையை நம்பியிருந்தால் அடுத்த மூவருக்கு அளவைக் கூட்டியிருப்போம். அந்தக் கோடுகளை அழித்தது நான் சொன்ன கதைதான்.

டிரிப் ஏறிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்தேன். “அம்மா, அன்றைக்கு நான் பாதிதான் சொன்னேன். இந்த மருந்து உங்களைக் குணப்படுத்தும் என்று யாராலும் சொல்ல முடியாது. எவ்வளவு கொடுக்கலாம் என்பதை உங்கள் உடம்பிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறோம். வேண்டாம் என்றால் இன்றே நிறுத்தலாம். உங்களைப் பார்த்துக்கொள்வதை நிறுத்த மாட்டோம்.”

வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “எனக்குப் பிறகு வருகிறவர்களுக்கு இதைவிட அதிகமாகக் கொடுப்பீர்களா?” என்றார்.

“நீங்கள் சொல்வதைப் பொறுத்து.”

பேனாவைக் கேட்டார். மீன் கூடை எண்ணுவதுபோல வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு, ஒவ்வொரு நாளாக நினைவுகூர்ந்து கீழ் வரிசையை நிரப்பினார். ஓரத்தில் ‘இன்று சொன்னது’ என்று எழுதித் தேதி போட்டேன்.

குறைந்த அளவில் தொடர விரும்பினார், தொடர்ந்தோம். எட்டாவது வாரம் எடுத்த ஸ்கேனில் கட்டி வளர்ந்திருந்தது. ஆய்விலிருந்து அவரை விடுவித்தோம். கடைசி நாளில் மிச்ச மாத்திரைகளோடு புட்டியைத் திருப்பித் தந்தார். ரப்பர் பேண்ட் போட்டு அட்டையும் அதோடு சேர்ந்திருந்தது. மேசையில் கொட்டி எண்ணினேன். பதினோரு மாத்திரைகள். அட்டையிலும் கணக்கு அதுவே.