பழைய வீட்டு வேலை: கும்பகோணம் நாட்குறிப்பு

பிப்ரவரி 3

திண்ணை, ரேழி, முற்றம், கூடம், பின்கட்டு என்று நீளும் வீதி வீடு. கூடத்தைச் சுற்றி மங்களூர் ஓடு, பின்கட்டு மட்டும் மெட்ராஸ் டெரஸ், அதாவது மரக்கட்டை மேல் செங்கல் அடுக்கிய தட்டை மாடி. சுவர் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். அதன்மேல் பிற்பாடு யாரோ சிமென்ட் பூசியிருக்கிறார்கள். ஓதம் (சுவரில் ஏறும் ஈரம்) மூன்றடி உயரம் ஏறி, பெயிண்ட் பொரிந்து நிற்கிறது.

பெயிண்ட் கடையில் இதற்கு வாட்டர்ப்ரூஃப் டப்பாவைத்தான் நீட்டுவார்கள். அதற்குக் காசு போடும் முன் தண்ணீர் எங்கே நுழைகிறது, எங்கே வெளியேற வழியில்லாமல் நிற்கிறது என்று பார்த்துவிட வேண்டும். அதனால் வேலை வரிசை: கூரை, சுவரடி, பூச்சு, கடைசியில் வயரிங்.

பூச்சுக்கு இன்னும் நாள் இருந்தாலும் சுண்ணாம்பை இன்றே ஊறப் போட்டாயிற்று. இரும்பு டிரம்மில் முதலில் தண்ணீர், பிறகு சுட்ட கிளிஞ்சலைக் கொஞ்சம் கொஞ்சமாக. கிளிஞ்சலின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். கண்ணாடியும் ரப்பர் கையுறையும் கட்டாயம். ஆறியதும் சல்லடையில் வடித்து, மேலே இரண்டு அங்குலம் தண்ணீர் நிற்கும்படி மூடி வைக்க வேண்டும். குறைந்தது இரண்டு வாரம். கூட ஊறினால் இன்னும் வழுவழுப்பு.

மூட்டையில் வரும் தூள் சுண்ணாம்பை வாங்குபவர்கள் ஒரு சிட்டிகை எடுத்து வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் காற்றுப் பட்டு ஏற்கெனவே செத்த சுண்ணாம்பு, பூசினால் பிடிக்காது.

பிப்ரவரி 10

முற்றத்து ஓடு பிரிப்பு. கூடத்தில் ஒழுகுவது பெரும்பாலும் உடைந்த ஓட்டால் இல்லை. இரண்டு சரிவு சந்திக்கும் கூடல்வாயில்தான் வினை. தகடு துருப்பிடித்து ஓட்டையாகியிருக்கும், அல்லது சருகு அடைத்துத் தண்ணீர் பக்கவாட்டில் ஏறும். பழைய தகட்டின் அகலம் ஒன்பது அங்குலம்தான். புதிதாக இரண்டடி அகல ஜிஐ தகடு. நடுவில் மடித்து, இரு ஓரத்தையும் அரை அங்குலம் மேல்நோக்கி மடக்கிவிட்டால் தண்ணீர் தாண்டாது. இரண்டு தகடு சேரும் இடத்தில் மேல் தகடு கீழ்த் தகட்டின் மேல் ஆறு அங்குலம் ஏறட்டும். நடுவில் ஆணி அடிக்கக் கூடாது.

இறக்கிய ஓட்டை ஒவ்வொன்றாக விரல் முட்டியால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்றால் மேலே போகலாம், மொத்தென்றால் உள்ளே விரிசல். மாற்று ஓடு வாங்கும்போது அடியிலுள்ள முத்திரையைப் பாருங்கள். மங்களூரில் பாசல் மிஷன் ஆலை 1865-ல் தொடங்கிய பிறகு ஆலைகள் பெருகின. ஒவ்வொன்றின் அச்சும் பள்ளமும் கொஞ்சம் வேறு. ஒரே சரிவில் இரண்டு ஆலை ஓட்டைக் கலந்தால் பூட்டு சேராமல் காற்றடிக்கும் மழை உள்ளே வரும்.

பிப்ரவரி 16

ரீப்பர் அடிப்பு. ஓடு உட்காரும் குறுக்குச் சட்டம்தான் ரீப்பர், ஒரு அங்குலத்துக்கு இரண்டு அங்குலம். இடைவெளியைப் புத்தகத்தில் தேட வேண்டாம். பதினோரு ஓட்டைத் தரையில் வரிசையாகப் பூட்டி, முதல் ஓட்டின் கீழ் விளிம்பிலிருந்து கடைசி ஓட்டின் கீழ் விளிம்பு வரை, நன்றாக இழுத்து ஒரு அளவு, நெருக்கித் தள்ளி ஒரு அளவு எடுத்தால், இரண்டின் சராசரியைப் பத்தால் வகுத்ததுதான் இடைவெளி. இங்கே பன்னிரண்டரை அங்குலம் வந்தது. நூறு சதுர அடிக்கு 130 முதல் 150 ஓடு பிடிக்கும். உடைசலுக்கு ஒரு பத்து சதவீதம் சேர்த்து வாங்கலாம்.

கைமரத்துக்கு (ரீப்பரைத் தாங்கும் சாய்மரம்) முந்திரிக்கொட்டைத் தோல் எண்ணெய், ஓடு மூடும் முன்பே. உடம்பில் பட்டால் கொப்புளிக்கும்.

மார்ச் 2

பின்கட்டு. மெட்ராஸ் டெரஸில் தேக்குக் கட்டைகளின் மேல் மெல்லிய சிறு செங்கல்லைக் மூலைவாட்டில் செங்குத்தாக அடுக்கி, மேலே சுண்ணாம்பு ஜல்லி இடித்து, தட்டோடு (தட்டையான ஓடு) பதித்திருப்பார்கள். கட்டையின் நடுப்பகுதி நூறு வருஷமானாலும் இரும்பு மாதிரி இருக்கும். கெடுவது சுவருக்குள் போகும் முனை. ஸ்க்ரூடிரைவரைச் சுவரை ஒட்டி, அடிப்பக்கத்திலிருந்து அழுத்திப் பார்த்தால் நல்ல தேக்கில் நுனி மட்டும் பதியும். மழைநீர்க் குழாய் இறங்கும் மூலைக்கட்டையில் பிடி வரை இறங்கியது. வெளியே இழுத்தபோது காப்பிப்பொடி நிறத்தில் ஈரத் தூள்.

முட்டு கொடுக்காமல் கை வைக்கவே கூடாது. இரண்டு பக்கமும் ஜாக்கி, தலைக்கும் அடிக்கும் பலகை. உளுத்த முனையை அறுத்துவிட்டு, நல்ல மரத்தில் குறைந்தது இரண்டடி ஓடும்படி இருபுறமும் தேக்குப் பலகை வைத்து 12 மி.மீ. போல்ட்டால் இறுக்கியாயிற்று. சுவர்க் குழியில் முனையைச் சுற்றி அரை அங்குலம் காற்றுக்கு விட வேண்டும். கலவை வைத்து அடைத்தால் மறுபடி அதே கதைதான். ஒரு சமயத்தில் ஒரே கட்டை. உத்திரமே தொய்ந்திருந்தால் இது வீட்டு வேலை கிடையாது, பொறியாளரைக் கூப்பிட வேண்டும்.

மாடியில் ஒழுகுகிறது என்று மேலே மேலே சிமென்ட் போடும் பழக்கத்தைப் பற்றி ஒரு கணக்கு. ஒரு அங்குலச் சிமென்ட் கலவை சதுர அடிக்கு ஏறத்தாழ ஐந்து கிலோ. 200 சதுர அடிக்கு ஒரு டன்னை நெருங்கும், அதுவும் முனை உளுத்த கட்டைகளின் தலையில். இங்கே தட்டோட்டின் இணைப்புகளை மட்டும் சுரண்டி, சுர்க்கி (செங்கல் தூள்) கலந்த சுண்ணாம்பால் அடைத்ததோடு சரி.

மார்ச் 14

சுவரடி. வீதிக்குத் தார் மேல் தார் போட்டு, இப்போது ரோடு ரேழித் தரையைவிட உயரம். கொல்லைப் பக்கம் சுவரை ஒட்டிச் சிமென்ட் தளம் வேறு. மண்ணின் ஈரம் தரை வழியாக ஆவியாக முடியாமல் சுவரில் ஏறுகிறது. அங்கேயும் சிமென்ட் பூச்சு மறிப்பதால் இன்னும் மேலே போகிறது.

தளத்தைச் சுவரிலிருந்து ஒன்றரை அடிக்கு வெட்டி எடுத்து, ஓரடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் கால்வாய். அடியில் சரிவு கொடுத்து, கருங்கல் ஜல்லி நிரப்பல். முன்னதாக ஒரு இடத்தில் தோண்டி அஸ்திவாரத்தின் அடி எங்கே என்று பார்த்துவிடுங்கள். அதைவிட ஆழம் போகக் கூடாது. நீளம் முழுவதையும் ஒரே மூச்சில் திறக்கவும் கூடாது. ஐந்தடி தோண்டி நிரப்பிவிட்டு அடுத்தது.

மார்ச் 23

சிமென்ட் உரிப்பு. ஓதக் கோட்டுக்கு மேல் இன்னும் ஓரடி வரை. மின்சார பிரேக்கர் வேண்டாம், பழைய செங்கல் முகம் பெயர்ந்துவிடும். சுத்தியும் தட்டை உளியும், சாய்த்துப் பிடித்து. இணைப்புக் காரையை அரை அங்குலம் சுரண்ட வேண்டும். வெளியே பூக்கும் உப்பைக் காய்ந்த பிரஷால் தேய்த்து முறத்தில் வாரிக் கொட்டுங்கள். கழுவினால் கரைந்து திரும்பவும் உள்ளேதான் போகும். பூப்பது குறையும் வரை சுவரைத் திறந்தே போட வேண்டியதுதான். அவசரப்படுகிறவர்கள் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள்.

ஏப்ரல் 12

பூச்சு. கிளிஞ்சல் சுண்ணாம்பு காற்றுப் பட்டுத்தான் இறுகும். ஓதமுள்ள அடிச்சுவருக்கு அது போதாது. அதனால் கீழ் நான்கடிக்கு சுண்ணாம்பு 1, சுர்க்கி 1, மணல் 2. மேலே சுண்ணாம்பு 1, மணல் 3. சுர்க்கிக்கு அரைவேக்காட்டுச் செங்கல்லை இடித்துச் சலித்தது. உப்பு மணல் வந்துவிட்டால் எல்லாம் வீண், ஆகவே நாக்கில் வைத்தே பார்க்கலாம்.

சுவரை முந்தின நாள் மாலையும் அன்று காலையும் நனைத்து, ஒரு பூச்சு அரை அங்குலத்துக்கு மேல் போகாமல். தடித்தால் வெடிக்கும். இரண்டாவது பூச்சுக்கு முன் கரணை நுனியால் கீறிவிட்டு ஒரு வாரம். சித்திரை வெயில் நேராகப் பட்டால் மேல்தோல் முதலில் காய்ந்து மயிரிழை விரிசல் விழும். ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, லேசாகத் தெளிக்க வேண்டும். விழுந்த விரிசலை அன்றே மணியாசுக் கட்டையால் (பூச்சைத் தேய்க்கும் மரப்பலகை) அழுத்தித் தேய்த்தால் மூடிக்கொள்ளும், மறுநாள் மூடாது.

மே 4

வயரிங். மரப்பட்டிக்குள் ஓடிய பழைய ரப்பர் வயர் தொட்டாலே உதிர்கிறது. விளக்குக்கு 1.5, ப்ளக்குக்கு 2.5, ஏசிக்கு 4 சதுர மி.மீ. செம்பு வயர், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்), புது எர்த். சுண்ணாம்புச் சுவரில் காடி வெட்ட வேண்டாம், பூச்சு வரிசையாகப் பெயரும். குழாயை வெளியே ஓட்டலாம். மெயின் இணைப்பு உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன் வேலை.

சுவருக்குப் புட்டியும் எமல்ஷனும் கிடையாது. நீர்க்கச் சுண்ணாம்பு மூன்று கை, ஒவ்வொன்றும் அடுத்த நாள். ரேழியின் வடக்குச் சுவரில் இன்னும் ஓரிடத்தில் உப்புப் பூக்கிறது. அந்த இரண்டடியை ஐப்பசி மழை வரை பூசாமல் விட்டிருக்கிறது.