நம் ஊர் லைசென்ஸை ஜெர்மன் லைசென்ஸாக மாற்ற நான் பட்ட பாடு

போன வாரம்தான் ஜெர்மன் லைசென்ஸ் கையில் கிடைத்தது. நிம்மதியாக இருக்கிறது, ஆனால் கோபம் இன்னும் ஆறவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டவர்கள், தவறாகச் சொன்னவர்கள், விதி தெரியாமலே கவுண்டரில் உட்கார்ந்து திருப்பி அனுப்பியவர்கள் என்று ஒரு வரிசையே இருக்கிறது. எனக்குப் பின்னால் வருகிற நர்ஸ்களாவது இதில் பாதி அலைச்சலோடு தப்பிக்கட்டும்.

நான் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த நர்ஸ். இங்கே ஸவர்லாந்து மலைப்பகுதியில் ஒரு சிற்றூரில் இருக்கிறேன். முதலில் மருத்துவமனை வார்டில் வேலை. படிப்புக்கு அங்கீகாரம் கிடைத்து, நர்ஸாக வேலை செய்வதற்கான அனுமதிச் சான்றான ஊர்குண்டே கைக்கு வந்ததும், வீடு வீடாகப் போய் முதியவர்களைக் கவனிக்கும் நடமாடும் பராமரிப்பு வேலைக்கு மாற நினைத்தேன். எனக்கு மிகவும் பிடித்த வேலை அது. காரை வேலை தரும் நிறுவனமே கொடுக்கும், ஆனால் கார் ஓட்டுவதற்கான பி வகை லைசென்ஸ் கட்டாயம். காலை ஷிஃப்ட் 6 மணிக்குத் தொடங்குகிறது. எங்கள் ஊரில் முதல் பஸ் அதற்குப் பிறகுதான் வரும். லைசென்ஸ் இல்லை என்றால் அந்த வேலையும் இல்லை.

என்னை அனுப்பிய ஏஜென்சி ஊரிலேயே சொன்னது இதுதான்: "இன்டர்நேஷனல் பெர்மிட் எடுத்துக்கோங்க, ஒரு வருஷம் தாராளமா ஓட்டலாம்." பெர்மிட்டிலும் ஒரு வருடச் செல்லுபடி என்றுதான் அச்சடித்திருக்கிறது. புது வேலைக்கான நேர்காணலில் மேலாளரும் அதைப் பார்த்துவிட்டு, சரி, அடுத்த மாதமே காரைத் தருகிறேன் என்றார். நான் ஜெர்மனிக்கு வந்து அப்போது எட்டாவது மாதம். நல்ல வேளையாக எங்கள் வார்டில் கோட்டயத்துச் சேச்சி ஒருவர் இருந்தார். "மோளே, அந்தச் சாவியைத் தொடாதே" என்று முதலில் தடுத்தவர் அவர்தான்.

விஷயம் இதுதான். நீங்கள் இங்கே குடியேறிய நாளிலிருந்து 6 மாதம் வரைதான் இந்திய லைசென்ஸ் செல்லும். பெர்மிட்டில் என்ன தேதி போட்டிருந்தாலும் அது மாறாது. இங்கே மொத்தமே 12 மாதத்துக்கு மேல் தங்கப்போவதில்லை என்று காட்ட முடிந்தால் மட்டும் நீட்டிப்புக் கேட்கலாம். 6 மாதம் முடிந்து ஓட்டினால், லைசென்ஸே இல்லாமல் ஓட்டியதாகக் கணக்கு. அது சாதாரண அபராதத்தோடு போகிற விஷயமில்லை, ஓராண்டு வரை சிறையோ பணத் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றம். வேலை விசாவில் வந்து, நாளைக்கு நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கப் போகிற ஒருத்திக்கு இப்படி ஒரு வழக்கு என்றால் என்ன ஆகும்? ஏஜென்சிக்கு நான் எழுதிய மின்னஞ்சலுக்கு இன்றுவரை பதில் இல்லை.

சரி, மாற்றிக்கொள்ளலாம் என்று பார்த்தால், ஜப்பான், தென்கொரியா, சுவிட்சர்லாந்து போன்ற பட்டியல் நாட்டுக்காரர்களுக்குத்தான் தேர்வு இல்லாமல் மாற்றித் தருவார்கள். இந்தியாவும் இலங்கையும் அந்தப் பட்டியலில் இல்லை. நமக்கு எழுத்துத் தேர்வு, ஓட்டுத் தேர்வு இரண்டும் உண்டு.

ஆனால் கட்டாயப் பயிற்சி கிடையாது. இந்த ஒரு வரியை எங்கேயாவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நான் போன முதல் டிரைவிங் ஸ்கூல் இதைச் சொல்லவே இல்லை. செல்லுபடியாகும் வெளிநாட்டு லைசென்ஸை மேசை மேல் வைத்த பிறகும், புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்கான முழுத் தொகுப்பையே நீட்டினார்கள்: 14 இரட்டை வகுப்புகள், கிராமச் சாலையில் 5, ஆட்டோபான் என்ற அதிவேக நெடுஞ்சாலையில் 4, இரவில் 3 என்று 12 சிறப்புப் பயிற்சிகள், அதற்கு மேல் சாதாரணப் பயிற்சிகள். எல்லாம் சேர்த்து 3,000 யூரோவைத் தாண்டியது. உம்ஷ்ரைபுங், அதாவது இருக்கிற லைசென்ஸை மாற்றுவது என்றால் இவை கட்டாயமில்லையே என்று கேட்டேன். "இங்கே எல்லோருக்கும் இதுதான்" என்றார் வரவேற்பில் இருந்தவர். ஓட்டுநர் உரிம விதிகளின் 31-ஆம் பிரிவைக் கைபேசியில் எடுத்துக் காட்டினேன். படிக்காமலே திருப்பிக் கொடுத்தார்.

பக்கத்து ஊரில் இரண்டாவது ஸ்கூல். அங்கே வயதான ஆசிரியர் ஒருவர், "ஒரு முறை என்னோடு ஓட்டுங்கள், எத்தனை பாடம் தேவை என்று பிறகு சொல்கிறேன்" என்றார். அவ்வளவுதான் நான் எதிர்பார்த்தது. டிரைவிங் ஸ்கூல்கள் விலைப்பட்டியலை வெளியே தெரியும்படி வைக்க வேண்டும், அதைப் படித்துவிட்டுச் சேருங்கள். 45 நிமிடப் பாடத்தின் விலையை மட்டும் பார்த்தால் போதாது. சேர்க்கைக் கட்டணம், தேர்வுக்கு அழைத்துப் போகும் கட்டணம் ஆகியவற்றையும் கூட்டிப் பாருங்கள், தேர்வு நடத்தும் அமைப்பு வாங்குவது தனி. இன்னொன்று, லைசென்ஸ் அலுவலக விண்ணப்பத்தில் ஸ்கூலின் பெயரை எழுத வேண்டும். பின்னால் மாற்றினால் மறுபடியும் அலைச்சல். அதனால் ஸ்கூலை முடிவு செய்துவிட்டு அலுவலகத்துக்குப் போங்கள்.

அலுவலகம்தான் என்னை அழ வைத்த இடம். பாஸ்போர்ட், குடியிருப்பு அட்டை, முகவரிப் பதிவுச் சான்று, பயோமெட்ரிக் படம், கண் பரிசோதனைச் சீட்டு, லைசென்ஸ், அதன் மொழிபெயர்ப்பு என்று எல்லாம் கையில் இருந்தது. கண் பரிசோதனையைக் கண்ணாடிக் கடையிலேயே சில யூரோவுக்குச் செய்துவிடலாம், அதில் சிக்கல் இல்லை. மொழிபெயர்ப்பில் மாட்டிக்கொண்டேன். ஏஜென்சி சொல்லிச் சென்னையில் நோட்டரி முத்திரையோடு காசு கொடுத்துச் செய்த ஜெர்மன் மொழிபெயர்ப்பைக் கவுண்டரில் இருந்த பெண் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார். இங்கே நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளர் அல்லது ஏ.டி.ஏ.சி. (ADAC) என்ற வாகன ஓட்டிகள் சங்கம் செய்ததுதான் வேண்டுமாம். அது விதி, ஏற்றுக்கொள்கிறேன். அதற்கு அடுத்து அவர் சொன்னதுதான் தாங்கவில்லை: "இது வேறு ஆளின் லைசென்ஸ்."

லைசென்ஸில் என் பெயரும் பக்கத்தில் ஒரே ஓர் எழுத்தும் இருக்கும். பாஸ்போர்ட்டில் அந்த எழுத்து விரிந்து, அப்பாவின் முழுப்பெயராகக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். தமிழ்நாட்டில் யாருக்கும் இதை விளக்க வேண்டியதே இல்லை. அங்கே நான் எவ்வளவு விளக்கியும், "குடும்பப்பெயர் ஒத்துப்போகவில்லை" என்ற ஒரே பதில்தான். என்ன தாள் கொண்டு வந்தால் ஏற்பீர்கள் என்று கேட்டேன். "அதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்" என்றார். நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்காமல் போயிருந்தேன். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

வழி கிடைத்தது மொழிபெயர்ப்பாளரிடம். நம் ஊர் லைசென்ஸ் அட்டையில் தகப்பனார் அல்லது கணவர் பெயருக்கு ஒரு வரி உண்டு. இந்தியப் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்திலும் அப்பா பெயர் இருக்கிறது. இரண்டையும் அவரிடம் காட்டினேன். அவர் அந்த வரியைத் தனியாக மொழிபெயர்த்து, கீழே மொழிபெயர்ப்பாளர் குறிப்பு என்று போட்டு, பெயரோடு வரும் ஒற்றை எழுத்து தந்தை பெயரின் முதலெழுத்து, தமிழ்நாட்டில் இது வழக்கம் என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். அடுத்த முறை பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தையும் சேர்த்து நீட்டியதும் மறுபேச்சு இல்லாமல் எடுத்துக்கொண்டார்கள். இனிஷியல் உள்ள யாராக இருந்தாலும் இந்தக் குறிப்பை முதலிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். நம் லைசென்ஸில் இலகுரக வாகனத்தைக் குறிக்கும் எல்.எம்.வி. என்பது இங்கே பி வகைக்குச் சமம் என்பதும் மொழிபெயர்ப்பில் வர வேண்டும்.

அதோடு முடியவில்லை. முதலுதவிப் பயிற்சிச் சான்றிதழ் எங்கே என்றார்கள். எல்லோரும் ஒரு நாள் முழுக்க உட்கார வேண்டிய பயிற்சி அது. ஆனால் இங்கே அங்கீகரிக்கப்பட்ட நர்ஸின் ஊர்குண்டேவே அந்தச் சான்றுக்குப் போதும் என்று அதே விதிகளின் 19-ஆம் பிரிவில் இருக்கிறது. சேச்சி சொல்லி, அந்தப் பக்கத்தை அச்சடித்துக் கையோடு கொண்டு போயிருந்தேன். "அப்படி எதுவும் கிடையாது" என்றார் கவுண்டரில் இருந்தவர். குரலை உயர்த்தாமல், உங்கள் மேலதிகாரியிடம் ஒரு முறை கேட்க முடியுமா என்று கேட்டேன். உள்ளே போய்க் கொஞ்ச நேரம் கழித்து வந்தவர், ஒன்றும் பேசாமல் ஊர்குண்டேவை நகலெடுத்துக்கொண்டார். மாரடைப்பு வந்தவர்களுக்கு நெஞ்சை அழுத்தி உயிர் மீட்கிற வேலையில் இருப்பவள் நான். அந்த நகல் இயந்திரத்தின் சத்தம் அன்றைக்கு அவ்வளவு இனிமையாக இருந்தது.

பிறகு வாரக்கணக்கில் மௌனம். தொலைபேசியை யாரும் எடுப்பதில்லை, மின்னஞ்சலுக்கு மட்டும் பதில் வரும். எதைக் கேட்டாலும் எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் வந்த பதிலை வைத்துத்தான் பின்னால் பேச முடியும்.

காத்திருந்த நேரத்தில் எழுத்துத் தேர்வுக்குப் படித்தேன். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேள்விகளிலிருந்து 30 வரும். 10 தவறுப் புள்ளி வரை தேறலாம், ஆனால் 5 புள்ளிக் கேள்விகள் இரண்டு தவறினால் அதே 10 புள்ளிக்கும் தோல்விதான். ஜெர்மன் தவிர 12 மொழிகளில் எழுதலாம், தமிழும் இல்லை, இந்தியும் இல்லை. பலர் ஆங்கிலம் எடுக்கிறார்கள். ஓட்டுத் தேர்வில் தேர்வாளர் ஜெர்மனில்தான் பேசுவார், மொழிபெயர்க்க ஆள் வைத்துக்கொள்ள முடியாது. அதனால் நான் ஜெர்மனிலேயே படித்தேன், சாலையில் கேட்கப்போகிற சொற்கள் அப்போதே பழகிவிட்டன. வேகத்தைப் பத்தால் வகுத்து மூன்றால் பெருக்கினால் சுதாரிக்கும் தூரம், பத்தால் வகுத்து அதையே தன்னால் பெருக்கினால் பிரேக் தூரம். 50 கிலோமீட்டர் வேகத்தில் 15-உம் 25-உம் சேர்ந்து 40 மீட்டர். இதைக் கட்டாயம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். தேறினேன். எழுத்துத் தேர்வு முடிந்து 12 மாதத்துக்குள் ஓட்டுத் தேர்வையும் முடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மறுபடியும் எழுத வேண்டியதுதான்.

ஓட்டுவதில் எனக்குப் பெரிய போராட்டம் வலது பக்கம் ஓட்டுவது என்றுதான் நினைத்திருந்தேன். அது சீக்கிரமே பழகிவிட்டது. குடியிருப்புத் தெருக்களில் பலகை எதுவும் இல்லாத சந்திப்புதான் கடினம். வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும், அவர் வருவது எவ்வளவு குறுகிய சந்தாக இருந்தாலும் சரி. நம் ஊரில் பெரிய சாலையில் போகிறவர் நிற்கமாட்டார். இங்கே நிற்காவிட்டால் தேர்வு அங்கேயே முடிந்துவிடும். அடுத்தது தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பது. கண்ணாடியில் பார்த்தால் போதாது, வலது பக்கம் திரும்பும்போது சைக்கிள் வருகிறதா என்று தலையைத் திருப்பியே ஆக வேண்டும், அது தேர்வாளர் கண்ணிலும் பட வேண்டும். அப்புறம் வேகம். மெதுவாகப் போனால் பாதுகாப்பு என்பது நம் எண்ணம், இங்கே காரணமில்லாமல் மெதுவாகப் போவதும் தவறுதான். ஆட்டோபானில் சேரும் தடத்தில் தைரியமாக மிதித்து வேகம் எடுக்க வேண்டும். "காஸ், காஸ், காஸ்!" என்று ஆசிரியர் கத்திய குரல் இன்னும் காதில் இருக்கிறது. ஆர்டிஓ மைதானத்தில் எட்டுப் போட்டுக் காட்டிய அனுபவம் இங்கே எதற்கும் உதவாது.

ஆட்டோமேட்டிக் காரில் தேர்வு கொடுத்தால் எளிதுதான், ஆனால் கியர் வண்டிக்கென்று தனிப் பயிற்சியும் சோதனையும் முடிக்காவிட்டால் அட்டையில் ஆட்டோமேட்டிக் மட்டும் என்று குறிப்பு விழும். எங்கள் நிறுவனக் கார்களில் பெரும்பாலானவை கியர் வண்டி, அதனால் அதிலேயே தேர்வுக்குப் போனேன்.

முதலில் கொடுத்த தேதி, தேர்வாளருக்கு உடம்பு சரியில்லை என்று அன்று காலையில் ரத்தானது. அடுத்த தேதி பல வாரம் தள்ளி. அதற்குள் கை விட்டுப்போகாமல் இருக்கக் கூடுதல் பாடங்கள், கூடுதல் செலவு. தேர்வு மொத்தம் 55 நிமிடம். ஆசிரியர் பக்கத்தில், தேர்வாளர் பின்னால். பலகையில்லாத ஒரு சந்திப்பில் வலப்பக்கம் மறைந்திருந்தது, நின்று எட்டிப் பார்த்துவிட்டு எடுத்தேன். முடிவில் தேர்வாளர் அதைத்தான் முதலில் குறிப்பிட்டு, நன்றாகச் செய்தீர்கள் என்றார்.

தேறிய அன்றே ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள். பழைய அட்டையை அலுவலகத்தில் ஒப்படைத்தால்தான் புது அட்டை கிடைக்கும். அதற்கும் முன்பதிவு வேண்டும், எனக்கு மூன்று வாரம் தள்ளித்தான் கிடைத்தது. வேலை தொடங்கும் தேதியைக் குறிப்பிட்டு, மேலாளரின் கடிதத்தை இணைத்து மின்னஞ்சல் அனுப்பிய பிறகு மறுநாளே வரச் சொன்னார்கள். கடிதம் கொடுக்க உங்கள் மேலாளர்கள் தயங்கமாட்டார்கள், ஆள் கிடைக்காமல் திண்டாடுவது அவர்கள்தான். பழைய அட்டையை ஒப்படைக்கும் முன் இரண்டு பக்கமும் தெளிவாகப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புது லைசென்ஸ்காரர்களுக்கு இங்கே 2 ஆண்டு சோதனைக் காலம் உண்டு, ஊரில் லைசென்ஸ் எடுத்த நாளிலிருந்து கழிந்த காலத்தை அதில் கழித்துக்கொள்வார்கள்.

என் கணவர் அடுத்து வரப்போகிறார். அவருடைய 6 மாதம் அவர் இங்கே குடியேறும் நாளிலேயே ஓடத் தொடங்கிவிடும். அதனால் ஊரிலிருக்கும்போதே செய்ய வேண்டியதைச் செய்யச் சொல்லியிருக்கிறேன்: லைசென்ஸ் காலாவதித் தேதியைப் பார்ப்பது, தேய்ந்த அட்டையை மாற்றுவது, மொழிபெயர்ப்புக்கு அங்கே ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல் இருப்பது. அவர் லைசென்ஸிலும் ஒற்றை எழுத்துதான் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயரைத் திருத்தக் கொடுத்திருக்கிறார், அந்த அட்டை வந்த பிறகுதான் டிக்கெட் போடப்போகிறோம்.