கம்பம் பள்ளத்தாக்கில் வாய்க்காலைப் பிடித்துப் போகும் சாலைகள்

கம்பம் பள்ளத்தாக்கில் முதன்முறை மிதிவண்டி ஓட்டியபோது நான் செய்த பிழை, நெடுஞ்சாலையிலேயே போனதுதான். தேனியில் விடிகாலையில் கிளம்பி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று குமுளிப் பேருந்து போகும் வழியிலேயே சென்று, லோயர் கேம்ப் சேர்வதற்குள் லாரிகளுக்கு ஒதுங்கி இரண்டு முறை மண்ணில் இறங்கிவிட்டேன். முல்லையாறு பக்கத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது என்றாலும், ஏறத்தாழ 55 கிலோமீட்டர் பயணத்தில் அதை ஒழுங்காக நின்று பார்க்கவே இல்லை. அதன் பிறகு பல முறை அங்கே சென்று, ஆற்றையும் வாய்க்கால்களையும் ஒட்டிப் போகும் ஊர்ச் சாலைகளை ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டேன்.

மேற்கே ஏலமலைத் தொடரும் கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலைகளும் நிற்க, நடுவில் தென்மேற்கிலிருந்து வடகிழக்காகக் கிடக்கும் அகன்ற தொட்டி போன்ற நிலம் இது. அரபிக்கடலுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியாற்று நீரை, பென்னிகுயிக் தலைமையில் 1895இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை தடுத்து, மலையைக் குடைந்த சுரங்க வழியாக இந்தப் பக்கம் திருப்பியது. அந்த நீர் லோயர் கேம்ப் மின்நிலையத்துக்கு மேலே மலைச்சரிவில் தெரியும் நான்கு பெரிய குழாய்களின் வழியே இறங்கி, முல்லையாற்றில் சேர்ந்து, பள்ளத்தாக்கின் இருபோக நெல்வயல்கள் 14,707 ஏக்கருக்குப் பாய்கிறது. வாய்க்கால் சரிவைப் பார்த்துப் பார்த்து மெல்லத்தான் இறங்கும். அதை ஒட்டிப் போட்ட சாலையும் அப்படியே. தேனிக்கும் கம்பத்துக்கும் இடையிலான 40 கிலோமீட்டரில் மொத்தமாக ஏறுவது ஏறத்தாழ 100 மீட்டர்தான் என்பதால், இரு பக்கமும் மலை சூழ்ந்திருந்தும் ஏற்றம் காலுக்குத் தெரிவதே இல்லை.

எனக்குப் பிடித்த சுற்று ஏறத்தாழ 80 கிலோமீட்டர் வரும். தேனியிலிருந்து வீரபாண்டி வரையிலான எட்டு கிலோமீட்டரை மட்டும் நெடுஞ்சாலையில் ஓட்டியாக வேண்டும். காலை ஆறு மணிக்குள் கடந்துவிட்டால் தொல்லை இல்லை. ஆற்றங்கரையில் இருக்கும் வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலின் சித்திரைத் திருவிழா நாள்களில் இந்தப் பக்கமே வராமல் இருப்பது நல்லது. அங்கிருந்து உப்புக்கோட்டை, பாலார்பட்டி, குச்சனூர், மார்க்கையன்கோட்டை என்று போகும் சாலையில்தான் பள்ளத்தாக்கின் உண்மையான முகம் தெரிகிறது. தென்னந்தோப்பு முடிந்தால் நெல்வயல், நெல்வயல் முடிந்தால் வாழை, எங்கேயும் கூடவே வரும் வாய்க்காலின் சலசலப்பு. குச்சனூர் சுயம்பு சனீசுவரர் கோயிலுக்குச் சனிக்கிழமைகளில், அதிலும் ஆடிச் சனிக்கிழமைகளில், வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். வார விடுமுறைக்கு ஊரை விட்டுக் கிளம்பும் நம்மைப் போன்றவர்களுக்கு வாய்ப்பது சனிக்கிழமைதான் என்பதால் இதைச் சொல்கிறேன். இந்தச் சுற்றை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அணையில் போதிய நீர் இருந்தால் முதல் போகத்துக்கு ஜூன் தொடக்கத்தில் தண்ணீர் திறப்பார்கள். ஜூனில் நாற்றங்காலும், ஆகஸ்டில் கண்ணுக்கு எட்டும் வரை பச்சையும் என்று பார்த்துவிட்டு, அறுவடைக் காலத்தில் அதே சாலையில் போனால் அது சாலையாகவே இராது. பாதி அகலத்துக்கு நெல் காயும், மீதியில் வைக்கோல் கிடக்கும். காய்ந்த வைக்கோலின் மேல் ஒல்லியான டயர் ஏறினால் பிரேக் பிடிக்கும் இடத்தில் வழுக்கும். சங்கிலியில் சிக்கினால் பல்சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு வெளியே வர மறுக்கும். எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனாலும் நாம் பொழுதுபோக்குக்கு வந்தவர்கள், அவர்கள் நெல் காய வைக்க வந்தவர்கள் என்பதை நினைத்துக்கொண்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே முறை.

உத்தமபாளையத்தை அடையும்போது சிறிது தூரம் நெடுஞ்சாலையைத் தொட நேரும். அங்கிருந்து மேற்கே திரும்பி, கோம்பை, பண்ணைப்புரம், தேவாரம் வழியாகப் போடிக்குப் போகும் அடிவாரச் சாலை முற்றிலும் வேறு வகையானது. ஆற்றுநீரின் பச்சை பின்தங்கிவிட, இடப்புறம் ஏலமலைச் சுவர் தலைக்கு மேலே எழும்பி நிற்கும். மலையிலிருந்து இறங்கும் ஓடைகளைச் சாலை குறுக்கே வெட்டிப் போவதால், சிறு சிறு இறக்கமும் உடனே ஏற்றமுமாக வந்துகொண்டே இருக்கும். சமதளம் என்று நம்பி வந்தவர்களின் தொடைகள் இங்கேதான் முணுமுணுக்கத் தொடங்கும். கோம்பை தன் பெயரில் ஒரு நாட்டு நாயினத்தையே வைத்திருக்கும் ஊர். அங்கே தெருநாய் துரத்தினால்கூட அதற்கு ஒரு வம்சப் பெருமை உண்டென்று எண்ணிக்கொண்டு வேகமாக மிதித்துவிடுவேன். அடுத்து வரும் பண்ணைப்புரம் இளையராஜா பிறந்த ஊர். அவ்வூர் டீக்கடையில் நான் நின்ற காலையில் வேறொரு இசையமைப்பாளரின் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, யாரும் பொருட்படுத்தவில்லை.

இந்தச் சாலையில் எச்சரிக்கையாக இருக்க வேண்டியது ஜீப்புகளிடம்தான். தேவாரம், கோம்பை, கம்பம், போடி ஆகிய ஊர்களிலிருந்து இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு வேலையாட்களை ஏற்றிக்கொண்டு அவை விடியலில் மலையேறும். மாலையில் அதே வேகத்தில் திரும்பும். அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றிய ஜீப்பு வளைவில் ஒதுங்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. காலை எட்டிலிருந்து பிற்பகல் மூன்று வரை சாலை ஏறக்குறைய நமக்கே சொந்தம். கார்த்திகை, மார்கழியில் மட்டும் சபரிமலை வண்டிகள் குமுளிச் சாலையையும் கம்பம்மெட்டுச் சாலையையும் நிறைத்துவிடும் என்பதால், அந்த மாதங்களில் மலைப்பாதைகளை மறந்துவிட்டு வயல்வழிகளோடு நிற்பது உத்தமம்.

சுற்றை நான் சொன்ன திசையிலேயே ஓட்டுவதற்குக் காரணம் காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று இந்தப் பள்ளத்தாக்கின் தலைப்பில் உள்ள கணவாய் வழியாக நுழைந்து தேனியை நோக்கிக் கொட்டும்; ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை. காலையில் காற்று எழுவதற்கு முன் எதிர்த்துப் போய்விட்டால், உத்தமபாளையத்திலிருந்து போடி வரை அது பக்கவாட்டில் வீசும். போடியிலிருந்து தேனிக்கு வரும் கடைசி 15 கிலோமீட்டரில் முதுகில் கை வைத்துத் தள்ளும். ஒருமுறை வீம்புக்கு நேரத்தை மாற்றி ஓட்டிப் பார்த்தேன். மதியம் இரண்டு மணிக்குக் குச்சனூரிலிருந்து உத்தமபாளையம் நோக்கி மிதித்தபோது, சமதளத்திலும் மலைக்குரிய கியரில்தான் நகர முடிந்தது.

கிழக்கு அடிவாரத்தில் ராயப்பன்பட்டி, காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி ஆகிய ஊர்களைத் தொட்டுச் சுருளி அருவிக்குப் போகும் வழியையும் அரைநாளில் ஓட்டலாம். பந்தலுக்குள் தொங்கும் திராட்சையைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை இதுதான். அருவிக் குளியல் வனத்துறையின் அனுமதியையும் யானைகளின் விருப்பத்தையும் பொறுத்தது.

ஏறத்தான் வேண்டும் என்போருக்குச் சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு 18 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஒரு மலரின் பெயர். புலிகள் காப்பகம் என்பதால் பொழுது சாய்வதற்குள் கீழே இறங்கிவிட வேண்டும். நானோ அதைவிடப் போடியிலிருந்து கொட்டகுடி ஆற்றை ஒட்டிக் குரங்கணிக்குப் போகும் 16 கிலோமீட்டரைத்தான் விரும்புவேன். முந்தலில் போடிமெட்டுச் சாலை வாகனங்களையெல்லாம் தன்னோடு இழுத்துக்கொண்டு இடப்புறம் ஏறிவிட, எஞ்சிய சிறுசாலை மாந்தோப்புகளுக்கும் ஆற்றுப் பாறைகளுக்கும் நடுவே தனியே போகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூணாறு தேயிலை இந்த வழியாகத்தான் உலகுக்குப் போனது. குண்டளைப் பள்ளத்தாக்கின் சிறு ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, பின்பு சாலை வழியாகப் போடியை அடைந்தது. 1924 பெருவெள்ளம் அந்த ரயிலை அழித்தது. இன்று அமைதியாகத் தோன்றும் இச்சாலை தேயிலைப் பெட்டிகளைச் சுமந்த சாலை என்பது, குரங்கணியில் நின்று தலைக்கு மேலே மேகத்துக்குள் மறையும் மலைவிளிம்பைப் பார்க்கும்போதுதான் உறைக்கிறது.

இவற்றுக்கெல்லாம் மாறானது, மேகமலைத் தொடருக்கு அந்தப் பக்கம் மூல வைகையை ஒட்டிக் கண்டமனூர், கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை வழியாக வருசநாட்டுக்குப் போகும் சாலை. பெரியாற்று நீர் இங்கே வராது; தன் மலையில் பெய்யும் மழையை நம்பியே இந்த ஆறு இருக்கிறது. சென்ற சித்திரையில் போனபோது ஆறு முழுக்க மணலாகக் கிடந்தது. போதாததற்குச் சீமைக்கருவேல முள் பின்டயரில் ஏறி, கையிலிருந்த ஒரே மாற்று டியூபையும் அடுத்த முள் பதம் பார்த்துவிட்டது. கடமலைக்குண்டு வரை தள்ளிக்கொண்டு வந்தேன். பஞ்சர் ஒட்டும் பெரியவர் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழிகளை எண்ணிவிட்டு, "ஐப்பசிக்கு மேல வாங்க தம்பி, ஆத்துல தண்ணி பாக்கலாம்" என்றார். முள்ளைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.

அவர் சொன்னபடியே ஐப்பசி கடைசியில் போனேன். செம்மண் கலந்த வெள்ளம் கரையோடு போய்க்கொண்டிருந்தது. திரும்பும் வழியில், முல்லையாறும் மூல வைகையும் கலந்த பின் வரும், தேனிக்கு அருகிலுள்ள குன்னூர் பாலத்தில் வண்டியைச் சாய்த்து வைத்துவிட்டு, எந்த நீர் எந்தப் பள்ளத்தாக்கினுடையது என்று நிறத்தை வைத்துப் பிரித்துப் பார்க்க முயன்றேன். பாலத்துக்கு வருவதற்குள் இரண்டும் ஒரே நிறமாகியிருந்தன.