டிரான்சிஸ்டர் சிம்பல்: படம் சரி, பின் வரிசை சரியா?

எல்டிஸ்பைஸ் என்ற சர்க்யூட் சிமுலேஷன் மென்பொருளில் சொந்தமாக டிரான்சிஸ்டர் சிம்பல் செய்பவர்கள் அம்புக்குறியையும் வட்டத்தையும் அழகாக்கவே நேரத்தைச் செலவிடுகிறார்கள். சிமுலேட்டர் அந்தப் படத்தைப் பார்ப்பதே இல்லை. நெட்லிஸ்ட்டின் (சர்க்யூட்டின் உறுப்புகளையும் இணைப்புகளையும் வரிகளாக எழுதிய பட்டியல்) ஒரு வரியில் எந்த முனை எத்தனையாவதாக வருகிறது என்பதுதான் அதற்குத் தெரியும்.

அதனால் புதிதாக வரைய வேண்டாம். மென்பொருளோடு வரும் என்பிஎன் சிம்பலைத் திறந்து, வேறு பெயரில் ப்ராஜெக்ட் ஃபோல்டரிலேயே சேமியுங்கள். உறுப்பின் வகையைச் சிமுலேட்டருக்குச் சொல்லும் க்யூஎன் என்ற ப்ரிஃபிக்ஸும், கலெக்டர் 1, பேஸ் 2, எமிட்டர் 3 என்ற ஸ்பைஸ் வரிசையும் (நெட்லிஸ்ட்டில் முனைகள் வரும் வரிசை) கூடவே வந்துவிடும். பிறகு கோடுகளை விருப்பம்போல மாற்றலாம்.

அதிகம் பேர் சறுக்குவது டேட்டாஷீட்டின் கால் எண்களை இங்கே போடும்போதுதான். தட்டையான முகம் நம்மைப் பார்த்திருக்க, 2என்3904-இன் கால்கள் இடமிருந்து எமிட்டர், பேஸ், கலெக்டர். பிசி547-இல் கலெக்டர், பேஸ், எமிட்டர். இரண்டுக்குமே ஸ்பைஸ் வரிசை ஒன்றுதான். மாற்றிப் போட்டால் எரர் எதுவும் வராது, மூன்று முனைகளும் இருக்கின்றனவே! டிரான்சிஸ்டர் தலைகீழாக ஓடும், அவ்வளவுதான்.

இதைப் பிடிக்க ஒரு சின்னச் சோதனை போதும். எமிட்டரை கிரவுண்டில் வைத்து, பேஸுக்கு 10 மைக்ரோஆம்பியர் கரண்ட் சோர்ஸும் கலெக்டருக்கு 5 வோல்ட்டும் கொடுத்து, டிசி ஆப்பரேட்டிங் பாயின்ட் ஓட்டுங்கள். மென்பொருளில் உள்ள 2என்3904 மாடலில் பிஎஃப் (நேராக ஓடும்போது கரண்ட் பெருக்கம்) 300, பிஆர் (தலைகீழாக ஓடும்போது பெருக்கம்) 4. கலெக்டர் கரண்ட் 3 மில்லிஆம்பியரை ஒட்டி வந்தால் சரி. 40 மைக்ரோஆம்பியர் அளவில் நின்றால் கலெக்டரும் எமிட்டரும் இடம் மாறியிருக்கின்றன.

மாஸ்ஃபெட் வகை டிரான்சிஸ்டர் என்றால் முதலில் மாடல் கோப்பைத் திறந்து பாருங்கள். டாட் மாடல் என்று தொடங்கினால் என்மாஸ் சிம்பலின் எம்என் ப்ரிஃபிக்ஸ் அப்படியே இருக்கட்டும். டாட் சப்சிகேடி (சப்சர்க்யூட், அதாவது பல உறுப்புகள் சேர்ந்த துணைச் சர்க்யூட்) என்று தொடங்கினால் ப்ரிஃபிக்ஸ் எக்ஸ் ஆக வேண்டும். மாற்றாவிட்டால் அந்தப் பெயரில் மாடலைத் தேடிக் கிடைக்காமல் ரன் நின்றுவிடும். சிம்பல் டைப் செல் என்றே இருக்க வேண்டும். வேல்யூவில் சப்சர்க்யூட்டின் பெயரை எழுத்துப் பிசகாமல் எழுதி, சர்க்யூட்டில் டாட் லிப் வரியால் கோப்பைச் சேருங்கள்.

லேப் தேர்வில் சிம்பல் எடிட்டரைத் திறக்கவே தேவையில்லை. சாதாரண என்மாஸ் சிம்பலை வைத்து, கன்ட்ரோல் அழுத்தி ரைட் கிளிக் செய்து, ப்ரிஃபிக்ஸையும் வேல்யூவையும் மாற்றினால் வேலை முடிந்தது. ஆனால் சப்சர்க்யூட்டின் முதல் வரி டிரெயின், கேட், சோர்ஸ் என்ற வரிசையில் இருந்தால் மட்டுமே இது செல்லும். அங்கே வெறும் 1, 2, 3 என்றிருந்தால், எந்த எண் எந்த முனை என்பதை அதை அடுத்து வரும் குறிப்பு வரிகளில் தேடுங்கள்.