பஸ் டிரைவர் மகள் எழுதிய தீர்ப்பு

1945-இல் பெர்லின் விழுந்ததும் சோவியத் சிப்பாய்கள் சிறுமி, கிழவி என்று பார்க்காமல் பெண்களை வன்புணர்ந்தார்கள். நாஜி முகாமிலிருந்து மீண்ட பெண்களைக்கூட விட்டுவைக்கவில்லை. போரில் தோற்ற நாஜித் தலைவர்களை நியூரம்பர்க் நகரில் நிறுத்தி விசாரித்தார்கள். வென்றவனைக் கூண்டில் ஏற்ற யார் இருந்தார்கள்?

தென்னாப்பிரிக்காவில், நம் டர்பன் கிளேர்வுட்டில் ஒரு தமிழ் பஸ் டிரைவரின் மகள் நவநீதம் பிள்ளை. 1994 ருவாண்டா இனப்படுகொலையை விசாரிக்க ஐ.நா. அமைத்த தீர்ப்பாயத்தில் அகாயேசு என்ற நகரத் தலைவரின் வழக்கை விசாரித்த மூன்று நீதிபதிகளில் அவர் ஒருவர்தான் பெண். முதல் குற்றப்பத்திரிகையில் வன்புணர்வு என்ற பேச்சே இல்லை, தெரியுமா? சாட்சி சொல்ல வந்த ஒரு தாய், வேறு எதையோ சொல்லிக்கொண்டிருந்தவர், தன் ஆறு வயது மகளுக்கு நடந்ததைச் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் 1997-இல் குற்றப்பத்திரிகையையே திருத்தினார்கள். 1998 செப்டம்பர் 2 அன்று, வன்புணர்வும் இனப்படுகொலை ஆகலாம் என்று முதல்முறையாக ஒரு சர்வதேச நீதிமன்றம் சொன்னது.

போன ஞாயிறு கோயில் சாப்பாட்டில் இதைச் சொன்னேன். "பொண்ணுங்க முன்னாடி இதெல்லாம் எதுக்கு?" என்றார் பெரியம்மா. சரி, பெண்கள் முன்னால் பேசாமல் வேறு யார் முன்னால் பேசுவதாம்?