வாடகைக்கு இருப்பவரோடு சேர்த்து வாங்குவது

கீழக்கரையில் வரிக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். இங்கே பல வீடுகளின் வருமானம் துபாயிலிருந்தும் ஷார்ஜாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருகிறது. பணம் கொஞ்சம் சேர்ந்ததும் அதை எங்கே போடலாம் என்ற பேச்சு என் மேசைக்கு வந்துவிடும். வங்கி வைப்பு என்றால் வட்டி, அது மார்க்கத்தில் கூடாது என்று நிறையப் பேர் ஒதுங்கிவிடுவார்கள். மிச்சம் நகை, மனை, அப்புறம் வாடகைக் கட்டடம். இந்த வரிசையில் சில வருடங்களாகச் சேர்ந்திருப்பது சென்னை ஓ.எம்.ஆர். பக்கத்து ஐ.டி. பூங்காக்களில், ஏற்கெனவே ஒரு கம்பெனி வாடகைக்கு இருக்கும் அலுவலகத் தளம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆள் தேட வேண்டாம், கிரயம் முடிந்த மறுமாதமே வாடகை வரும் என்று புரோக்கர் சொல்வார். அதில் பொய் இல்லை. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 109-ஆம் பிரிவுப்படி, குத்தகை நடப்பில் இருக்கும் கட்டடத்தை வாங்குபவர் பழைய உரிமையாளரின் இடத்துக்கு அப்படியே வந்துவிடுகிறார். வாடகை வாங்கும் உரிமை வருகிறது. வாடகைதாரர் விரும்பினால் பழையவரின் கடமைகளும் கூடவே வரும். ஆனால் கிரயத்துக்கு முந்தைய வாடகைப் பாக்கி தானாக நமக்கு வராது. அதற்கு விற்பவரிடம் தனியாக எழுதி வாங்க வேண்டும். உரிமையாளர் மாறியது தெரியாமல் அந்தக் கம்பெனி பழையவருக்கே வாடகை கட்டிவிட்டால், அதை மறுபடி நாம் கேட்கவும் முடியாது. ஆகவே கிரயத்தன்றே கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து, ஒப்புதல் கடிதம் வாங்கிவிடுங்கள் என்று எல்லோரிடமும் வற்புறுத்துவேன்.

எங்கள் ஊர்ப் பழக்கம் வேறு. வள்ளல் சீதக்காதி சாலையில் ஒரு கடையை வாடகைக்கு விட்டால், கடைக்காரரின் வாப்பா யார், எந்தத் தெரு என்பது வரை தெரியும். ஒரு அட்வான்ஸ், பதினொரு மாத ஒப்பந்தம், தெரிந்த இருவர் சாட்சி, அவ்வளவுதான். பதினொரு மாதம் என்று போடுவதற்குக் காரணம் உண்டு. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும், கட்டணமும் கட்ட வேண்டும். முகம் தெரிந்த ஊரில் அந்தக் குறுக்குவழி பெரும்பாலும் கெடுதல் செய்வதில்லை. அதே மனசோடு சென்னைக்குப் போகும்போதுதான் சிக்கல். ஐந்து வருடக் குத்தகை என்று ஒரு நகலை நீட்டுவார்கள். பார்த்தால் வெறும் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டது, பதிவே இல்லை. சட்டத்தின் கண்ணில் அது மாதாமாதக் குத்தகை, 15 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம். ஐந்து வருடம் என்ற எழுத்தை நம்பி கொடுக்கும் விலைக்கு அங்கே ஆதாரமே கிடையாது.

பதிவான பத்திரமாக இருந்தாலும் முதலில் நான் தேடுவது லாக்-இன், அதாவது கம்பெனி காலி செய்ய முடியாத காலம், எத்தனை மாதம் என்பதைத்தான். அலுவலகக் குத்தகைகள் பெரும்பாலும் ஒன்பது வருடம், மும்மூன்று வருடத் தவணை, ஒவ்வொரு தவணைக்கும் 15 சதவீத ஏற்றம் என்று எழுதப்படும். படிக்கிறவருக்கு ஒன்பது வருட வாடகை கண்ணில் ஓடும். உள்ளே போனால், கம்பெனி வெளியேற முடியாத காலம் பெரும்பாலும் முதல் மூன்று வருடம் மட்டுமே. அதற்குப் பிறகு மூன்று மாதமோ ஆறு மாதமோ நோட்டீஸ் கொடுத்துவிட்டு அவர்கள் போகலாம், நாம் அவர்களை அனுப்ப முடியாது. 2020-இல் கொரோனாவால் எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை பார்த்தபோது, லாக்-இன் முடிந்திருந்த கம்பெனிகள் தளங்களை விட்டுவிட்டுப் போனதை இந்த வேலையில் இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

துபாயில் முப்பது வருடத்துக்கு மேல் உழைத்துவிட்டு ஊர் திரும்பிய ஒரு ஹாஜியார் அப்படி ஒரு தளத்தின் தாள்களோடு வந்தார். விலை ஒன்றரைக் கோடி, மாத வாடகை 90,000. "வருசத்துக்கு ஏழு சதவீதத்துக்கு மேலயே வருது தம்பி, வட்டியும் இல்ல" என்றார். அவர் கணக்கு சரிதான், 7.2 வரும். ஆனால் அந்தக் கணக்கில் கிரயச் செலவு இல்லை. தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்ந்து 9 சதவீதம். ஒன்றரைக் கோடிக்கு அது பதிமூன்றரை லட்சம். ஒரு முழு வருட வாடகையைவிட அதிகம்! அதைச் சேர்த்துப் பார்த்தால் வரவு 6.6 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. சொத்து வரி அதற்கு மேல். கம்பெனி கொடுத்திருந்த ஆறு மாத அட்வான்ஸ் விற்பவர் கையில் இருக்கிறது, திருப்பிக் கொடுக்க வேண்டியது வாங்குகிறவர். அதை விலையில் கழிக்காவிட்டால் இன்னொரு ஐந்து லட்சத்து நாற்பதாயிரம் போகும்.

இதெல்லாம் சமாளிக்கக்கூடியவை. ஆனால் பத்திரத்தில் லாக்-இன் முடிய எட்டு மாதம்தான் இருந்தது. அதன் பிறகு கம்பெனி கிளம்பினால், ஆறு மாதம் காலியாகக் கிடந்தாலும் வாடகை இழப்போடு பராமரிப்புக் கட்டணத்தையும் இவரே கட்ட வேண்டும். ஹாஜியாருக்கு வேறு வருமானம் இல்லை. அந்த வாடகையில்தான் குடும்பம் சாப்பிட வேண்டும். "உங்களுக்கு எட்டு மாச வாடகைதான் நிச்சயம் ஹாஜியார், மிச்சம் அவங்க இஷ்டம்" என்று சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை.

நிலத்தையும் பார்க்க வேண்டியிருந்தது. சிறுசேரி சிப்காட் போன்ற பூங்காக்களில் நிலமே 99 வருடக் குத்தகையில் கொடுக்கப்பட்டது. அங்கே தளம் வாங்கினால் மண்ணில் நிரந்தரப் பங்கு கிடைக்காது. பேரன் காலத்துக்கு என்று நினைத்து வாங்குபவர்களுக்கு இது முக்கியம். இவர் பார்த்தது தனியார் நிலம், நிலத்தில் தளத்துக்குச் சேரும் பிரிபடாத பங்கு பத்திரத்தில் இருந்தது, வில்லங்கச் சான்றும் சுத்தம்.

அடுத்த கேள்வி யார் பெயரில் வாங்குவது. மகன் துபாயில், மகள் ஊரில். மகன் பெயரில் என்றால் அவர் வெளிநாடு வாழ் இந்தியர். வாடகை பெரும்பாலும் வெளிநாடு வாழ்பவர்களுக்கான என்.ஆர்.ஓ. வங்கிக் கணக்குக்குப் போகும், கம்பெனி முதல் ரூபாயிலிருந்தே 31.2 சதவீதம் வரி பிடித்துக்கொள்ளும். 90,000-இல் கைக்கு வருவது 61,920. இந்தியாவில் வேறு வருமானம் இல்லாதவருக்கு இந்த வாடகையின் உண்மையான வரி வருடத்துக்கு இருபதாயிரத்தைக்கூட எட்டாது. ஏனென்றால் வாடகை வருமானத்தில் 30 சதவீதம் நிலையான கழிவு உண்டு. மீதியைக் கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம், குறைந்த பிடித்தத்துக்கு முன்கூட்டியே சான்றிதழும் கேட்கலாம். இருந்தாலும் மாதாமாதம் வீட்டுக்குப் பணம் தேவைப்படும் குடும்பத்துக்கு அந்தக் காத்திருப்பு கஷ்டம்.

மகள் பெயரில் என்று முடிவானது. கீழக்கரையில் வீட்டை மகளுக்குக் கொடுப்பது காலங்காலமாக நடப்பதுதான், அதனால் யாருக்கும் அது புதிதாகத் தெரியவில்லை. எனக்கு இதில் எப்போதும் ஒரு வருத்தம் உண்டு. பெண் பெயரில் சொத்து இருக்கும், தாள்கள் வாப்பாவின் பீரோவில் இருக்கும், கேள்வி கேட்பவர் மச்சானாக இருப்பார். கையெழுத்துப் போட மட்டும் அந்தப் பெண்ணைக் கூப்பிடுவார்கள். இடிந்து விழாத வீட்டுக்கு அது போதும். கம்பெனியோடு நடக்கும் குத்தகைக்குப் போதாது. ஒவ்வொரு தவணையும் புதுப்பேச்சு, ஒவ்வொரு நோட்டீஸுக்கும் பதில் எழுத நாள் கெடு. உரிமையாளர் யாரோ அவருக்குப் பத்திரம் மனப்பாடமாக இருக்க வேண்டும். ஹாஜியாரிடம் வெளிப்படையாகவே கேட்டேன், மகளை ஒரு தடவை அழைத்து வாருங்கள் என்று.

வந்தார். பி.காம். படித்தவர், வீட்டில் யாரும் அவரிடம் கணக்குக் கேட்டதில்லை. பத்திரத்தை முழுதாகப் படித்தார், நடுவில் யாரையும் பேச விடவில்லை. படித்து முடித்ததும் என்னை அண்ணன் என்ற பொருளில் காக்கா என்றழைத்து அவர் கேட்டது, "கிரயத்துக்கு முன்னாடியே லாக்-இன்ன நீட்டச் சொல்லிக் கேட்டா என்ன காக்கா? வாடகைய ஏத்தலன்னு நாம சொன்னா ஒத்துக்குவாங்கள்ல?" எனக்குத் தோன்றியது மிச்சமிருக்கும் லாக்-இன் காலத்துக்கேற்ப விலையைக் குறைக்கச் சொல்வது. இவர் யோசனை அதைவிட நல்லது. அந்தக் கம்பெனிக்கும் இடம் மாறினால் செலவு, உள் அலங்காரமெல்லாம் அவர்கள் போட்டது.

புரோக்கர் முணுமுணுத்தார். விற்பவருக்கு அவசரம் இருந்ததால் கம்பெனியிடம் பேசினார். ஏற்றத்தைத் தள்ளிவைத்து, லாக்-இன்னை மேலும் இரண்டு வருடம் நீட்டித் துணைப் பத்திரம் எழுதப் பதில் வந்தது. அதைப் பதிவு செய்த பிறகே ஹாஜியார் முன்பணம் கொடுத்தார், கம்பெனியின் அட்வான்ஸும் விலையில் கழிந்தது. இப்போது மகள்தான் வாடகை ரசீதுகளைப் பார்க்கிறார். ஒவ்வொரு மாத வாடகையிலும் நாலில் ஒரு பங்கைக் காலி மாதங்களுக்கென்று தனியாக எடுத்து வைக்கிறார். லாக்-இன் முடிவதற்கு ஆறு மாதம் முன்பே கம்பெனிக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று சொல்லியிருக்கிறார், அதற்கு வாசகம் தயார் செய்வது என் பொறுப்பு.